நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சூப்பர்வைசர் செய்யக்கூடிய ஊழியம்

கேள்வி: அக்கா, நான் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் சேல்ஸில் நின்றுவிட்டு, இப்போது பட்டுச் சேலைத் தளத்துக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே பதினெட்டுப் பிள்ளைகள். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் வேறு மதம். கூட வேலை செய்கிறவர்களை மதித்து ஊழியம் செய்ய வேண்டும், சாட்சியாக இருக்க வேண்டும் என்று சபையில் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுத்தாள்) கொடுக்கலாமா? இளகினால் டார்கெட் போய்விடும் என்கிறார் மேனேஜர். நான் விற்றதைத் தன் கோடில் (விற்றவர் யார் என்று பில்லில் போடும் எண்) போட்டுக்கொண்ட ஒரு சீனியர் இப்போதும் பின்னால் பேசிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போக முடிவதில்லை.

பதில்:

தங்கச்சி, உங்கள் தளத்தில் நிற்கிற பிள்ளைகளின் காலிலிருந்தே தொடங்குகிறேன். நானும் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் நிர்வாகம் பார்த்தவள்தான். காலையில் கவுண்டருக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை எவ்வளவு நேரம் உட்காருகிறாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெண்டைக்கால் நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ளும். பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வரும். மாதவிலக்கு நாளிலும் அதே நிற்பு, அதே சிரிப்பு. இந்தத் தொழிலில் இதையெல்லாம் யாரும் நோய் என்று சொல்லிக்கொள்வதுகூட இல்லை.

யோவான் 13-ஆம் அதிகாரத்தை இந்தக் கால்களை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். புழுதி ரோட்டில் செருப்போடு நடந்து வந்தவர்களின் காலைக் கழுவுவது அந்த நாட்டில் வீட்டிலேயே கடைசி வேலைக்காரனின் வேலை. போஜனத்தின் நடுவில் எழுந்து, ஒரு சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொண்டு அதைச் செய்த இயேசு அங்கே தலைவராக இருந்தவர். அதன் நினைவாகப் பெரிய வியாழன் அன்று நம் கோயில்களில் கழுவப்படும் கால்கள் எல்லாம் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தவை. அதனால் அந்தச் செய்கை எவ்வளவு சாதாரணமான, எவ்வளவு தேவையான வேலை என்பது நமக்கு மறந்துபோகிறது. வலிக்கிற, அழுக்கான, யாரும் கவனிக்காத ஓர் உறுப்பை அவர் கவனித்தார். ஜவுளிக்கடைத் தளத்தில் அதற்குச் சமமான வேலை ஒன்றைத் தேடினால், கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுவதுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஸ்டூல் இன்று உங்கள் தயவும் இல்லை, முதலாளியின் தயவும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஐச் சேர்ந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் இதை 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. அங்கே அதற்காகப் போராடியவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். தையல் தொழிலாளியான விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியாக அவர்களை ஒன்று சேர்த்தார். சபைப் பிரசங்கங்களில் நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒரு பேச்சை ஒரு தையல்காரப் பெண் தெருவில் பேசி முடித்திருக்கிறார். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஸ்டூல் இருந்தும் பல கடைகளில் யாரும் அதில் உட்காருவதில்லை. மேலே கேமரா இருக்கிறது, கீழே சூப்பர்வைசரின் கண் இருக்கிறது. ஆகவே உங்கள் முதல் ஊழியம் இதுதான்: கூட்டம் இல்லாத நேரத்தில் நீங்கள் முதலில் உட்காருங்கள், அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு “நீயும் உட்காருப்பா” என்று சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சும்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தால் பிள்ளைகள் அதை அனுமதி என்று நம்ப மாட்டார்கள். பாத்ரூம் போவதற்கு அனுமதி கேட்கும் வழக்கத்தை எடுத்துவிட்டு, பக்கத்துக் கவுண்டர் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று வையுங்கள். தண்ணீர் பாட்டில் தளத்திலேயே இருக்கட்டும். முகூர்த்த நாள் கூட்டத்திலும் சாப்பாட்டு நேரம் மூன்று மணிக்கு மேல் தள்ளிப்போகாமல் இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். இதெல்லாம் ‘சாட்சி’ மாதிரித் தெரியாது. வயிற்றுவலியோடு நிற்கிற பிள்ளைக்குத் தெரியும்.

வேதத்தில் உங்கள் வேலையையே பார்த்த ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால் நம்புவீர்களா? ரூத் 2-ஆம் அதிகாரத்தில் போவாஸின் வயலில் அறுக்கிறவர்களுக்கு மேல் வைக்கப்பட்ட ஒரு கண்காணி வருகிறார். பெயர்கூட இல்லை. போவாஸ் வந்து “இந்தப் பெண் யார்” என்று ரூத்தைக் காட்டிக் கேட்கும்போது, அந்தக் கண்காணி, அவள் மோவாப் தேசத்திலிருந்து வந்தவள், சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொள்ள அனுமதி கேட்டாள், காலையிலிருந்து வேலை செய்கிறாள், குடிசைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆயிற்று என்கிறார். அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அந்நியப் பெண், கூலிக்காரிகூட இல்லை, முதலாளி வரும் நேரத்தில் நிழலில் இருக்கிறாள். ‘சும்மா உட்கார்ந்திருக்கிறாள்’ என்று சொல்லித் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள இந்த மனிதருக்கு நல்ல வாய்ப்பு. அவர் அவளுடைய உழைப்பை முதலில் சொல்லி, ஓய்வை அதற்குப் பிறகு சொல்கிறார். மேனேஜர் ரவுண்டு வரும்போது நீங்கள் பேச வேண்டிய விதம் இது. போவாஸைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இந்தக் கண்காணியைப் பற்றி ஒன்றுகூட நான் கேட்டதில்லை.

போவாஸ் அதற்குப் பிறகு செய்வதும் முழுக்க முழுக்க வேலை இட ஏற்பாடுகள்தான். வேலைக்காரப் பையன்கள் அவளைத் தொடக்கூடாது என்று கட்டளையிடுகிறார். தாகம் எடுத்தால் வேலைக்காரர் மொண்டு வைத்த தண்ணீரையே குடிக்கச் சொல்கிறார், அதாவது வெளியாளுக்குத் தனிக் குடம் இல்லை. சாப்பாட்டு வேளையில் அறுக்கிறவர்களோடு உட்காரவைக்கிறார். அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்கிறார். பாதுகாப்பு, தண்ணீர், பந்தி, மானம் கெடாமல் உதவி. இந்த நான்கையும் உங்கள் தளத்தில் தேடிப் பாருங்கள்.

இனி கைப்பிரதி விஷயம். என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: உங்களுக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் கைப்பிரதி கொடுக்காதீர்கள். லீவு கொடுப்பதும், கவுண்டர் மாற்றுவதும், இன்சென்டிவ் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதும் நீங்கள். நீங்கள் நீட்டுகிற தாளை அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மறுக்க வழியில்லாத இடத்தில் கொடுப்பதைச் சுவிசேஷம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் அவளுக்கு நல்ல கவுண்டர் கிடைத்தால், ‘அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள், அதனால்தான்’ என்று மற்றவர்கள் பேசுவார்கள். கிடைக்காவிட்டால் அவளே வேறு மாதிரி நினைப்பாள். பேதுரு எழுதியதும் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. உங்கள் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறார் (1 பேதுரு 3:15). முதலில் கேள்வி வர வேண்டும். வந்தால் மறைக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். கடை வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொன்னால் இன்னும் நல்லது. அங்கே நீங்கள் சூப்பர்வைசர் இல்லை. யாராவது வீட்டுக் கஷ்டம் சொல்லி அழுதால், “உனக்காக நான் ஜெபிக்கட்டுமா” என்று கேட்டுவிட்டு உங்கள் வீட்டில் ஜெபியுங்கள். தலையில் கைவைத்துத் தளத்தில் சத்தமாக ஜெபிக்க வேண்டியதில்லை. மறுவாரம் அந்தக் கஷ்டம் என்ன ஆயிற்று என்று ஞாபகமாகக் கேளுங்கள். பாதிப் பேர் ஜெபிக்கிறேன் என்று சொல்வதோடு சரி, கேட்பதில்லை.

இதைச் சொல்லும்போது ஜார்ஜ் வில்லியம்ஸ் ஞாபகம் வருகிறார். அவரும் ஜவுளிக்கடை ஆள்தான். இங்கிலாந்தில் ஒரு விவசாயி வீட்டில் 1821-இல் பிறந்து, துணிக்கடையில் தொழில் பழகி, 1841-இல் லண்டனுக்கு வந்து ஹிட்ச்காக் அண்ட் ராஜர்ஸ் என்ற பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து லண்டன் கடைகள் இப்போது நம் ஊர்க் கடைகளின் ஹாஸ்டல் மாதிரிதான்: வெளியூர்ப் பையன்கள் கடைக்கு மேலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, விடிந்ததிலிருந்து ராத்திரிவரை கவுண்டரில் நிற்பார்கள். ஊரில் தெரிந்தவர் இல்லை, கையில் நேரம் இல்லை, கிடைத்த கொஞ்ச நேரத்துக்குச் சாராயக்கடை. அந்தக் கடையின் மாடி அறையில் 1844 ஜூன் 6-ஆம் தேதி வில்லியம்ஸும் அவரோடு சேர்ந்து மொத்தம் பன்னிரண்டு பேரும் கூடித் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு விளையாட்டு மைதானமும் நந்தனம் உடற்கல்விக் கல்லூரியும்தான் நினைவுக்கு வருகின்றன. சென்னையில் அது 1890-இல் தொடங்கியது. வேராக இருந்தது, துணி மடித்துவைக்கிற ஊழியர்கள் சக ஊழியர்கள்மேல் வைத்த அக்கறை. போதகர் யாரும் வந்து ஆரம்பித்துக் கொடுக்கவில்லை.

இரண்டு விஷயங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம்ஸ் அப்போது சக ஜவுளிக்கடை ஊழியர்களிடம்தான் போனார். யார் வேண்டுமானாலும் வரமாட்டேன் என்று சொல்லியிருக்க முடியும். அடுத்தது, அதே லண்டனில் 1842-லேயே ஜவுளிக்கடை ஊழியர்கள் கடையைச் சீக்கிரம் அடைக்கக் கேட்டுச் சங்கம் அமைத்திருந்தார்கள். வேலை நேரத்துக்காகப் போராடுவது உலகக் காரியம், ஜெபக்கூட்டம் ஆவிக்குரிய காரியம் என்று பிரித்துவைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ராத்திரி பத்து மணிக்குக் கடை அடைத்தால் எந்தப் பிள்ளை எப்போது ஜெபிக்கும்?

டார்கெட்டுக்கு வருகிறேன். உங்கள் மேனேஜர் பயப்படுவதில் ஓர் உண்மை இருக்கிறது. அன்பாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வேலையில் தளர்ந்துபோகிற சூப்பர்வைசர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தி தாமதமாக வருவதைச் சகித்துக்கொள்வார். அவளுடைய கவுண்டரையும் சேர்த்து இன்னொருத்தி பார்க்க வேண்டியிருக்கும். அந்த இன்னொருத்திக்கு அங்கே அநியாயம் நடக்கிறது. ஆகவே நேரத்துக்கு வர வேண்டும், விரித்த சேலையை மடித்து இடத்தில் வைக்க வேண்டும், விலைச்சீட்டு மாறக்கூடாது. இதில் இளகாதீர்கள். கண்டிக்க வேண்டியதை வாடிக்கையாளர் முன்னால் கண்டிக்காதீர்கள், அவ்வளவுதான். ஸ்டாக் ரூமுக்குக் கூப்பிட்டு, இரண்டு நிமிஷத்தில், நடந்ததை மட்டும் சொல்லி முடியுங்கள். போன மாசம் செய்ததையும் அவள் ஊரையும் இழுக்காதீர்கள். எஜமான்களுக்கு எபேசியர் 6:9-இல் பவுல் சொல்வது, கடுமொழியை விட்டுவிடுங்கள், அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே எஜமான் பரலோகத்தில் இருக்கிறார் என்று. சூப்பர்வைசர்களுக்கும் இதைவிட நேரான வசனம் கிடைக்காது.

தொழிலைக் கற்றுக்கொடுப்பதுதான் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய மரியாதை என்று நினைக்கிறேன். சுத்தப் பட்டு எது, ஆர்ட் சில்க் எது, கலப்பு எது, ஜரிகையில் என்ன தரங்கள், கல்யாணப் பார்ட்டி வந்தால் முதலில் எந்த விலையில் எடுத்துப் போடுவது, முகூர்த்தச் சேலைக்கு அம்மாவும் மாமியாரும் இரண்டு பக்கம் இழுக்கும்போது யாரிடம் பேசுவது: இதெல்லாம் ஆறு வருஷத்தில் நீங்கள் சம்பாதித்தது. பல சீனியர்கள் இதைப் பூட்டிவைத்துக்கொள்வார்கள், ஜூனியர் மேலே வந்துவிடுவாள் என்று. நீங்கள் திறந்து கொடுங்கள். நாளைக்கு அவள் வேறு கடைக்குப் போனாலும் அந்த அறிவு அவளோடு போகும், கல்யாணமாகி ஊருக்குப் போய்ச் சின்னதாக ஒரு கடை போட்டாலும் உதவும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. டார்கெட்டுக்காகக் கலப்புப் பட்டைச் சுத்தப் பட்டு என்று சொல்லி விற்கும்படி பிள்ளைகளைத் தள்ளாதீர்கள். சுத்தப் பட்டுக்கு முத்திரை கொடுக்கிற மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் திட்டம் 2004-இல் வந்ததே இந்த ஏமாற்றுக்காகத்தான். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்கிறது நீதிமொழிகள் 11:1. பொய்யை முடிவு செய்கிறவர் ஏசி அறையில் இருப்பார். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் பத்தொன்பது வயதுப் பிள்ளை. மறுநாள் அந்த அம்மா சேலையைத் திருப்பிக்கொண்டு வந்து கத்தும்போது நிற்பதும் அவள்தான். உடன் வேலை செய்கிறவளைப் பொய் சொல்லவைக்காமல் இருப்பதும் அவளுக்குச் செய்யும் ஊழியம். பிலிப்பியில் பவுலை வீட்டில் சேர்த்துக்கொண்ட லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத் துணி விற்கிறவள் (அப்போஸ்தலர் 16:14). நம் வரிசையில் அவளும் நிற்கிறாள் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷம்.

அபராதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் தளத்திலும் அது இல்லாமல் இருக்காது. ஐந்து நிமிஷம் தாமதத்துக்கு இவ்வளவு, பூ வைக்காமல் வந்தால் இவ்வளவு, போனை எடுத்தால் இவ்வளவு என்று சம்பளத்தில் பிடிக்கிற வழக்கம். கூலிச் சட்டம் சொல்வதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் போடக்கூடாது, பிடித்த பணம் ஊழியர்களின் நலனுக்கே செலவாக வேண்டும். வயலை அறுத்தவர்களிடமிருந்து அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4-இல் வாசிக்கிறோம். வசனத்தை மேனேஜரிடம் சொல்ல வேண்டாம், சட்டத்தைச் சொல்லுங்கள். அபராத நோட்டில் எழுதும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் பஸ்.

சீனியர் விஷயம் உங்களுக்கு உறுத்துவது எனக்குப் புரிகிறது. விற்பனையைத் திருடுவது பணத்தைத் திருடுவதுதான், இன்சென்டிவ் கணக்கில் அது தெரியும். மத்தேயு 18:15 சொல்கிற வழி இங்கே ஒத்துவரும்: நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல். இதுவரை பத்துப் பேரிடம் சொல்லியிருப்பீர்கள், அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். டீ நேரத்தில் போய் உட்கார்ந்து, “அக்கா, அன்றைக்கு நடந்தது எனக்கு வருத்தம், இனி இந்தத் தளத்தில் யாருக்கும் அப்படி நடக்கக்கூடாது என்று நினைக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதற்காக இப்போது கிடைத்த பதவியை வைத்து அவரை மூலைக் கவுண்டருக்கு மாற்றினீர்களானால், அந்த நிமிஷமே தளம் முழுக்கப் புரிந்துகொள்ளும் நீங்கள் யார் என்று. பில் போடும்போது யார் கோடு என்பதைச் சேலையைக் காட்டியவளே சொல்லி, பக்கத்தில் நிற்கிறவள் கேட்கட்டும் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு முறை வையுங்கள். அவர் திறமையைப் பிள்ளைகள் முன்னால் உண்மையாக இருக்கும் இடத்தில் பாராட்டுங்கள். இல்லாததைச் சொல்ல வேண்டாம். அன்றைய இரவு கழுவப்பட்ட கால்களில் யூதாஸின் காலும் உண்டு. அவன் எழுந்து வெளியே போனது அதற்குப் பிறகு.

ஒரு எச்சரிக்கை. மன்னிப்பு என்ற பேரில் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. யாராவது ஒரு பிள்ளையிடம் தப்பாக நடந்துகொண்டால், ஸ்டாக் ரூமில் கைவைத்தால், தனியாகப் பேசிச் சமாதானம் செய்துவைக்கும் வேலைக்குப் போகாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் எழுத அவளுக்கு உதவுங்கள், கூடவே போய் உட்காருங்கள். போவாஸ் அந்தப் பையன்களுக்குப் போட்ட கட்டளையை மறக்காதீர்கள்.

உங்கள் பதினெட்டுப் பேர் கணக்கில் வராத சிலர் இருக்கிறார்கள்: தளம் துடைக்கிற அம்மா, லிஃப்ட் பக்கத்தில் நிற்கிற செக்யூரிட்டி, பேக்கிங் செக்‌ஷன் பையன், பண்டல் சுமக்கிறவர். அவர்களுடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? ரோமர் 16-ஆம் அதிகாரத்தைச் சலிப்பான பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போகிறோம். பவுல் அதில் உடன்வேலையாட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவரவர் என்ன பாடுபட்டார்கள் என்றும் சொல்கிறார். நடுவில் 22-ஆம் வசனத்தில், சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் தெர்தியு தன் பேரில் வாழ்த்துச் சொல்கிறார். இவ்வளவு பெரிய நிருபத்தில் எழுத்தருக்கும் ஒரு வரி. மாத மீட்டிங்கில் தளத்தின் விற்பனையை மேனேஜர் பாராட்டும்போது நீங்கள் செய்ய வேண்டியது அதுதான்: யார் எதைச் செய்தார்கள் என்று பெயர் சொல்லுங்கள், துடைக்கிற அம்மாவரைக்கும்.

நம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஆள் எடுக்கும்போது ‘நம்ம சபைப் பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். விசாரித்துப் பார்த்தால் அது நம்ம சாதிப் பிள்ளையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தில் பங்கு, திங்கட்கிழமை எந்தத் தெரு என்ற கேள்வி. ஹாஸ்டலில் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். யாரும் உட்காராத இலைப் பக்கத்தில் போய் நீங்கள் உட்காருங்கள். பேச்சே வேண்டாம். உங்கள் தளத்தில் இருக்கிற அந்த இரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் தனிச் சலுகை வேண்டாம்; மற்ற பதினாறு பேரும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிறு ஆராதனை. ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் பெரிய நாள், அதை மாற்ற உங்களால் முடியாது. விடியற்கால ஆராதனையோ மாலை ஆராதனையோ உள்ள கோயில் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டூட்டி சார்ட்டே உங்கள் கையில்தான் இருப்பதால், மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையை மாற்றிக்கொள்வது சுலபம். ஆனால் நீங்கள் கோயிலில் இருக்கும்போது உங்கள் இடத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள் என்பது நினைவிருக்கட்டும். ஓய்வுநாள் கட்டளை உபாகமம் 5:14-இல் வரும்போது, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று காரணமும் சேர்த்தே வருகிறது. ஆகவே வாங்கினதைத் திருப்பிக் கொடுங்கள். தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊர்க் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) என்றால் தீபாவளியைவிடப் பெரிது. லீவு கேட்டால் முகம் சுளிக்காமல், ‘பேய்க்குக் கொடையா’ என்ற பேச்சு இல்லாமல் கொடுங்கள். நோன்பு மாதத்தில் சாயங்காலக் கூட்டம் முட்டுகிற நேரத்தில் முஸ்லிம் பிள்ளை கஞ்சி குடித்து நோன்பு திறக்கப் பதினைந்து நிமிஷம் அவள் கவுண்டரில் நீங்கள் நில்லுங்கள். ஆயுத பூஜைக்குத் தளத்தைக் கழுவி அலங்கரிக்கிற வேலையில் கைகொடுப்பதில் தவறில்லை. பூஜையிலும் பிரசாதத்திலும் உங்கள் மனச்சாட்சி எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நின்று, அமைதியாக, சிரித்த முகத்தோடு மறுக்கலாம். இதில் உங்களைவிடக் கண்டிப்பானவர்களும் தளர்வானவர்களும் சபையில் இருப்பார்கள். ரோமர் 14 இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கிறது.

ஸ்டூலை மேனேஜர் எடுக்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதல் தடவை அவரிடம் தனியாகப் பேசுங்கள். மத்தியான மந்த நேரத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் சாயங்காலக் கூட்டத்தில் எப்படிச் சுறுசுறுப்பாக நிற்கிறார்கள் என்பதையும், போன மாதம் எத்தனை பேர் கால்வலிக்கும் நீர்க்கடுப்புக்கும் லீவு போட்டார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போனால் பேச்சு எளிது. 22-ஏ பிரிவை அச்செடுத்து ஆள் நிர்வாகப் பிரிவில் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். கடை ஆய்வுக்கு வரும்போது தொழிலாளர் துறை அதிகாரிகள் இதையும் பார்ப்பார்கள் என்று சொன்னால், பல இடங்களில் அந்த வாரமே ஸ்டூல் வந்துவிடுகிறது. அதற்கும் அசையாவிட்டால் மற்றத் தளத்து சூப்பர்வைசர்களோடு சேர்ந்து கேளுங்கள், ஒற்றையாளாகப் போகாதீர்கள். வேலை போகும் பயம் உங்களுக்கும் உண்டு, வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பியிருப்பார்கள். அதனால் எதையும் வாய்ப்பேச்சாக விடாமல், தேதி போட்டு எழுத்தில் கொடுத்து, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.